அச்சுக்கூடத்தில் சிரங்குக் களிம்பு: பாஸ்டன் முதல் வில்லியம்ஸ்பர்க் வரை

வெள்ளி, பாஸ்டன்

பாஸ்டனுக்கு வருகிறவர்கள் நடைபாதையில் பதித்திருக்கும் செங்கல் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய், சுதந்திரப் போர் சம்பந்தப்பட்ட இடங்களை வரிசையாகப் பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. பீரங்கியைப் பார்த்தால் கொட்டாவி வரும். கடை என்றால் கால் தானாக நின்றுவிடும். ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த இந்தக் கடற்கரை ஊர்களில் ஒரு குடும்பம் சோப்பை எங்கே வாங்கியது, ஊசி நூலை யாரிடம் கேட்டது, குழந்தைக்கு வயிற்றுவலி என்றால் எந்தக் கடைக்கு ஓடியது? இதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சுற்று. வண்டி ஓட்டுவது இங்கே படிக்கும் அக்கா மகள். "சித்தி, ஊருக்கு வந்தவங்களை நான் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன், மருந்துக் கடைக்குக் கூட்டிட்டுப் போறது இதுதான் முதல் தடவை" என்றாள்.

ஸ்கூல் தெருவும் வாஷிங்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் ஒரு பழைய செங்கல் கட்டடம் இருக்கிறது. 1711இல் ஊரின் நடுப்பகுதி தீயில் அழிந்த பிறகு, 1718இல் தாமஸ் கிரீஸ் என்ற மருந்துக் கடைக்காரர் கட்டியது. முன்பக்கம் கடை, மற்றதெல்லாம் வீடு. பிற்காலத்தில் புத்தகக் கடையாகிப் பெயர் வாங்கியதால், இன்றைக்கும் 'பழைய மூலைப் புத்தகக் கடை' என்றுதான் சொல்கிறார்கள். மருந்துக் கடையாகத்தான் பிறந்தது என்பதைச் சொல்ல ஆளில்லை. இப்போது உள்ளே சிபோட்லே என்ற மெக்சிகன் உணவகம் நடக்கிறது. கிரீஸ் மருந்து இடித்த இடத்தில் சோறும் பீன்ஸும் வாங்கிச் சாப்பிட்டோம்.

இந்த மூலைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கிரீஸ் வருவதற்கு முன்பே, இதன் பக்கத்தில் பைபிள் படம் போட்ட பலகையின் கீழ் நிக்கலஸ் பூன் என்ற புத்தக வியாபாரி கடை வைத்திருந்தார். 1708 அக்டோபரில் 'பாஸ்டன் நியூஸ்-லெட்டர்' பத்திரிகையில் அவர் ஒரு விளம்பரம் கொடுத்தார். டாஃபியின் எலிக்சர், மிக நல்ல சரக்கு, அரைப் பைண்ட் புட்டி 4 ஷில்லிங் 6 பென்ஸ். புட்டியில் அடைத்த, பெயர் போட்ட மருந்துக்கு அமெரிக்கப் பத்திரிகையில் வந்த முதல் விளம்பரம் இதுதான் என்கிறார்கள். பத்திரிகை தொடங்கியே நான்கு வருடம்தான் ஆகியிருந்தது.

டாஃபியின் எலிக்சரில் அப்படி என்ன இருந்தது? நிலாவரை, சோம்பு, அதிமதுரம், உலர்திராட்சை, குங்குமப்பூ, கூடச் சில வேர்கள். எல்லாம் பிராந்தியில் ஊறியவை. நம் பாட்டிமார்கள் பட்டியலைக் கேட்டதுமே "பேதிக்குக் கொடுக்கிறதா?" என்று கேட்டிருப்பார்கள். பேதி மருந்துதான். ஆனால் அப்படிச் சொல்லி விற்கவில்லை. பேதிக்கு என்று சொன்னால் மலச்சிக்கல் உள்ளவன் மட்டும்தானே வாங்குவான்? வயிற்றுவலி, கல்லடைப்பு, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் கேட்கும் என்று சொன்னார்கள். பிராந்தி இருந்ததால் குடித்தவுடன் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும், அதையும் மருந்தின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

சனி, பாஸ்டன்

காலையில் யூனியன் தெருப் பக்கம் நடந்தோம். நீல உருண்டை தொங்கும் கடை என்றால் அந்தக் காலத்தில் ஊருக்கே தெரியும். ஜோசையா பிராங்க்ளின் என்பவர் அங்கே மாட்டுக் கொழுப்பை உருக்கி மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்றார். வீட்டு எண் இல்லாத தெருக்களில் உருண்டை, பைபிள், கொம்புக் குதிரை என்று பலகைகள்தான் முகவரி. ஜோசையாவின் பையன் பெஞ்சமின் பத்து வயதில் திரி வெட்டி, அச்சில் கொழுப்பை ஊற்றிப் பழகினான், பிடிக்கவில்லை என்று அச்சுத் தொழிலுக்குப் போனான். ஆனாலும் சோப்பு அந்தக் குடும்பத்தை விடவில்லை. கிரீடம் முத்திரை குத்திய சோப்பை அண்ணன் தம்பிகள் செய்தார்கள், தங்கை ஜேன் மீகம் முதுமை வரை செய்து அண்ணனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

அடுத்து நார்த் ஸ்கொயரில் பால் ரெவீர் வீடு. 1680 வாக்கில் கட்டியது, மரவீடு, தலை இடிக்கும் உயரம். பிரிட்டிஷ் படை வருகிறது என்று குதிரை ஏறிப் போய் ஊரை எழுப்பிய கதைக்காகத்தான் கூட்டம். எனக்கு அவர் வியாபாரம் பிடித்திருந்தது. வெள்ளிக் கரண்டி, கிண்ணம், கொக்கி எல்லாம் அடித்தவர். தொழில் மந்தமான வருடங்களில், 1768இல், பொய்ப்பல் கட்டித் தரப்படும் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். வெள்ளிக் கம்பி வளைக்கத் தெரிந்தவனுக்குப் பல் கட்டுவது என்ன பெரிய வேலை? சுதந்திரப் போரில், 1775இல் பங்கர் ஹில் சண்டையில் இறந்த டாக்டர் ஜோசப் வாரனின் உடலை மறுவருடம் தோண்டி எடுத்தபோது, தான் கம்பி போட்டுக் கட்டிய பல்லை வைத்து அடையாளம் சொன்னதும் ரெவீர்தான்.

மத்தியானம் மழை. ஒதுங்கி உட்கார்ந்த இடத்தில் சில்வெஸ்டர் கார்டினர் கதையை அக்கா மகளுக்குச் சொன்னேன். லண்டனிலும் பாரிஸிலும் படித்து வந்த மருத்துவர். வைத்தியம் பார்த்துச் சம்பாதித்ததைவிட மருந்து இறக்குமதி செய்து சம்பாதித்தது அதிகம். கொம்புக் குதிரையும் உரலும் போட்ட பலகை அவருடையது. லண்டன் சரக்கைச் சுற்றுவட்டார மருத்துவர்களுக்கும் கடைகளுக்கும் அனுப்பி, வந்த பணத்தில் மெய்ன் பகுதியில் நிலமாக வாங்கிக் குவித்தார். அங்கே கார்டினர் என்று ஓர் ஊரே இருக்கிறது. அரசர் பக்கம் நின்றதால் 1776 மார்ச்சில் பிரிட்டிஷ் படையோடு கப்பலேறினார். அவர் விட்டுப்போன மருந்துச் சரக்கை வாஷிங்டன் தன் படையின் மருத்துவமனைக்காகப் பறிமுதல் செய்யச் சொன்னார். போர் வந்தால் முதலில் தட்டுப்பாடு வருவது மருந்துக்குத்தான். எல்லாச் சரக்கும் எதிரி நாட்டிலிருந்தல்லவா வந்துகொண்டிருந்தது!

அம்மை பற்றியும் ஒரு வார்த்தை. 1721இல் பாஸ்டனில் பெரியம்மை வந்தது. சுமார் 11,000 பேர் இருந்த ஊரில் 844 பேர் செத்தார்கள். ஆப்பிரிக்காவில் அம்மைப் பாலைக் கீறி ஏற்றும் வழக்கம் உண்டு என்று, அடிமையாக இருந்த ஒனேசிமஸ் சொன்னது பாதிரியார் காட்டன் மேதர் காதில் விழுந்தது. அவர் சொல்லி, ஸப்டியல் பாய்ல்ஸ்டன் என்ற வைத்தியர் தன் ஆறு வயது மகனுக்கும் வீட்டிலிருந்த இரண்டு அடிமைகளுக்கும் முதலில் செய்து பார்த்தார். ஊர் கொதித்தது. பாய்ல்ஸ்டன் கல்லூரிப் பட்டம் வாங்கியவர் இல்லை, மருந்துக் கடையும் அறுவை வைத்தியமும் கற்ற ஆள். ஊரில் பட்டம் வாங்கியிருந்த ஒரே மருத்துவர் வில்லியம் டக்ளஸ் கடுமையாக எதிர்த்தார்.

ஞாயிறு, வழியில் நியூ ஹேவன்

காபிக்கு நிறுத்தினோம். யேல் பல்கலைக்கழகம் இங்கேதான். எலிஹு யேல் பாஸ்டனில் பிறந்து, குழந்தையாகவே இங்கிலாந்துக்குப் போய், அப்புறம் நம்ம புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்தவர். சென்னையில் அவர் செய்த சொந்த வியாபாரம் பற்றிக் கம்பெனிக்கே புகார் போனது. 1718இல் இந்தக் கல்லூரிக்கு அவர் அனுப்பியது பணம் இல்லை. ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகம், அரசர் படம் ஒன்று. மூட்டைகளில் காலிக்கோ, மஸ்லின் உள்ளிட்ட துணிகள். விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது, கல்லூரிக்குப் பெயரும் கிடைத்தது. ஏதோ ஒரு வீட்டில் ஜன்னல் திரையாகவும் பாவாடையாகவும் போன துணிதான் இந்தக் கல்லூரிக்கு மூலதனம். வளாகத்தில் அரை மணி நேரம் சுற்றினோம். பார்க்கிங் கட்டணம் வயிற்றெரிச்சல்.

திங்கள், பிலடெல்பியா

இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த ஊர் இதுதான் என்று இப்போதே எழுதி வைக்கிறேன்.

மார்க்கெட் தெரு அன்றைக்கு ஹை தெரு. நடுவில் சந்தைக் கொட்டகைகள், பக்கத்தில் பெஞ்சமின் பிராங்க்ளினின் புதிய அச்சுக்கூடம். பிராங்க்ளின் கோர்ட்டில் அவர் பிற்காலத்தில் கட்டிய வீடு இருந்த இடத்தில் இரும்புச் சட்டங்களை மட்டும் வீட்டின் வடிவத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கீழே கண்ணாடி வழியாகப் பழைய கழிவுக் குழிகளைப் பார்க்கலாம். உடைந்த பீங்கான், புட்டி, எலும்பு எல்லாம் அந்தக் காலத்தில் அதில்தான் விழுந்தன. அடுத்த கட்டடத்தில் ஒருவர் அச்சுப் பொறியில் தாள் வைத்து இழுத்துக் காட்டினார். மை ஒற்றும் தோல் உருண்டைகளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நல்ல கனம்.

அச்சுக்கூடம் என்றால் அச்சடிப்பது மட்டும் என்று நினைக்க வேண்டாம். முன்பக்கம் கடை. காகிதம், மை, வாத்து இறகு, பஞ்சாங்கம். கூடவே சோப்பு, சாக்லேட், காபி, மூக்குப்பொடி. எது கிடைக்கிறதோ அது. மனைவி டெபோரா கடையைப் பார்த்துக்கொண்டார், துண்டுப் புத்தகங்களை மடித்துத் தைத்தார், காகித ஆலைக்காகக் கந்தல் துணி வாங்கிச் சேர்த்தார் என்று பிராங்க்ளினே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நம் ஊரில் மளிகைக் கடைக்காரர் ஒரு மூலையில் சுக்கு, திப்பிலி, ஓமம் வைத்திருப்பார் அல்லவா, அந்த மாதிரி.

மருந்துக்கும் அந்தக் கடையில் இடம் இருந்தது. டெபோராவின் அம்மா, விதவை சாரா ரீட், ஹை தெருவின் மேல்கோடியிலிருந்து மகள் வீட்டுக்குக் குடிவந்தார். 1731 ஆகஸ்டில் மாப்பிள்ளையின் பத்திரிகையில் மாமியாரின் விளம்பரம் வந்தது. ஊரறிந்த சிரங்குக் களிம்பு இனி அச்சுக்கூடத்தில் கிடைக்கும். ஒரு தடவை இரண்டு தடவை தடவினாலே பேனும் ஓடிவிடும். நாற்றம் இல்லை, மணமாகவே இருக்கும். பால்குடிக் குழந்தைக்கும் பயமில்லாமல் போடலாம். ஓர் அவுன்ஸ் பிடிக்கும் சின்னப் பீங்கான் குப்பி 2 ஷில்லிங். தீப்புண்ணுக்கான குடும்பக் களிம்பும் உண்டு, அவுன்ஸ் 1 ஷில்லிங்.

இதை நான் பலமுறை படித்துவிட்டேன். எழுதியது மாமியாரா, மாப்பிள்ளையா? எனக்கு மாப்பிள்ளை மேல்தான் சந்தேகம். நாற்றம் இல்லை என்று சொன்னது கெட்டிக்காரத்தனம். அந்தக் காலத்துச் சிரங்கு மருந்தில் பெரும்பாலும் கந்தகம் இருக்கும், பூசிக்கொண்டவர் தெருமுனையில் வரும்போதே தெரிந்துவிடும். நோயைவிட நாற்றத்துக்குத்தான் வெட்கப்பட்டிருப்பார்கள். அதைத் தெரிந்துகொண்டு எழுதிய வரி அது.

அதே சுயசரிதையில் ஒரு கிண்ணத்தின் கதையும் இருக்கிறது. காலையில் ரொட்டியும் பாலும், இரண்டு பென்னி மண்கிண்ணம், ஈயக் கரண்டி. இதுதான் வழக்கம். ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டார்கள், போனால் சீனப் பீங்கான் கிண்ணமும் வெள்ளிக் கரண்டியும். டெபோரா அவருக்குத் தெரியாமல் 23 ஷில்லிங் கொடுத்து வாங்கியிருந்தார். ஏன் என்றதற்கு, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தானா, என் வீட்டுக்காரருக்கும் அந்தத் தகுதி உண்டு என்று பதில். வீட்டுக்குள் வந்த முதல் பீங்கானும் வெள்ளியும் அவைதான், பிறகு வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போனது என்கிறார். சிக்கனம் போதித்தவர் வீட்டிலேயே கதை இப்படி.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். அதே பத்திரிகையில் அடிமைகளை விற்கும் விளம்பரங்களும் வந்தன. விவரம் அச்சுக்கூடத்தில் கேட்கவும் என்று போட்டிருக்கும். களிம்பு விற்ற அதே கடைதான்.

செவ்வாய், பிலடெல்பியா

எல்ஃப்ரெத் சந்து. 32 வீடுகள், அகலமில்லாத கல் பாவிய தெரு, இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். படம் எடுக்கிறவர்கள்தான் அதிகம். குனிந்து ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்த ஒருவரை ஒரு பூனை முறைத்தது. அருங்காட்சியகமாக வைத்திருக்கும் வீட்டில் ஒரு காலத்தில் தையல்காரப் பெண்கள் இருவர் குடியிருந்து தொழில் செய்திருக்கிறார்கள்.

மீதி நாள் புட்டிகளுக்கு. லண்டன் வியாபாரி ராபர்ட் டர்லிங்டன் 1744இல் தன் தைலத்துக்கு அரசரிடம் காப்புரிமை வாங்கினார். சிறுநீரகக் கல், வயிற்றுவலி, உள்பலவீனம் என்று அவர் அடித்த துண்டுப் புத்தகத்தில் வியாதிகளின் ஊர்வலமே இருக்கும். மருந்து ஓடியது. அப்புறம்தான் தலைவலி. காலிப் புட்டிகளை வாங்கி, கண்டதையும் ஊற்றி, டர்லிங்டன் என்றே விற்கிறார்கள் என்று புலம்பினார். 1754இல் பேரிக்காய் மாதிரி தோள் வளைந்த, எழுத்துப் பதித்த புதுப் புட்டி கொண்டுவந்தார். கொஞ்ச நாளில் கள்ளச் சரக்கும் அதே புட்டிக்கு மாறிவிட்டது! அமெரிக்கப் பழங்குடியினரின் கல்லறைகளில்கூட இந்தப் புட்டிகள் கிடைத்திருக்கின்றன.

ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கக் கொடுத்தார் ஒரு பழம்பொருள் கடைக்காரர். கட்டைவிரல் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். கண்ணாடி லேசாகப் பச்சை, உள்ளே காற்றுக் குமிழிகள், ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்து நிற்கிறது. எழுத்துகளை விரலால் தடவித்தான் படிக்க வேண்டும். வாங்கியவர்களில் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய இருந்திருப்பார்கள். அவர்களுக்கு வடிவம்தான் பெயர். கடையில் போய் இந்த வடிவத்தைக் காட்டினால் போதும். உள்ளே இருந்தது யார் கலக்கியதோ!

புரட்சிக் காலத்தில் லண்டன் சரக்கு நின்றபோது உள்ளூர்க் கடைக்காரர்கள் தாங்களே கலக்கத் தொடங்கினார்கள், பிறகு நிறுத்தவே இல்லை. 1824இல் இந்த ஊர் மருந்தாளர் கல்லூரி உட்கார்ந்து எட்டுப் பழைய ஆங்கில மருந்துகளுக்குப் பொதுவான செய்முறை எழுதி வெளியிட்டது. ஏனென்றால் ஒரே பெயரில் கடைக்குக் கடை வேறு மருந்து. பேட்மன் சொட்டு மருந்திலும், குழந்தைகள் அழாமல் தூங்கக் கொடுத்த காட்ஃப்ரி கார்டியலிலும் அபின் உண்டு. ஒரு கடையில் வாங்கிப் பழகிய அளவை இன்னொரு கடைப் புட்டியிலிருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சர்க்கரைப் பாகும் சாசஃப்ராஸ் என்ற வாசனை மரத்தின் சரக்கும் கலந்து இனிப்பாக வேறு இருந்திருக்கிறது.

புதன், ட்ராப்

பிலடெல்பியாவுக்கு வடமேற்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் ட்ராப் என்ற சிற்றூர். 1743இல் கட்டிய அகஸ்டஸ் லுத்தரன் தேவாலயம் இன்னும் அப்படியே நிற்கிறது. கரடுமுரடான கல் சுவர், உடைந்து மடிந்த மாதிரி இறங்கும் கூரை. "இங்க என்ன சித்தி கடை?" என்று அக்கா மகள் கேட்டாள். நியாயமான கேள்வி.

இங்கே போதகராக இருந்தவர் ஹென்ரிக் மெல்கியோர் மியூலன்பெர்க். 1742இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஸ்தாபனம் அனுப்பி வந்தவர். ஹாலேயில் பிராங்கே நடத்திய அநாதை இல்லத்துக்கு ஒரு மருந்துச்சாலை இருந்தது. அங்கே காய்ச்சிய மருந்துகளை உலகமெங்கும் விற்று அந்த லாபத்தில் இல்லத்தை நடத்தினார்கள். தங்கம் சேர்ந்தது என்று சொல்லி விற்ற 'எசென்ஷியா டுல்சிஸ்' அதில் பேர்போனது. மியூலன்பெர்க் பெட்டி பெட்டியாக வரவழைத்து ஜெர்மன் குடியேறிகளுக்குக் கொடுத்தார், விற்றார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், திங்கட்கிழமை மருந்து.

அதே ஹாலே மருந்துகள் தரங்கம்பாடிக்கும் போயின. 1706இல் அங்கே இறங்கிய சீகன்பால்கு அதே ஹாலே ஆட்களில் ஒருவர், பின்னால் வந்தவர்களுக்கும் மருந்துப் பெட்டி ஹாலேயிலிருந்துதான். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த ஒரு பெட்டி காவிரிக் கழிமுகத்திலும், அட்லாண்டிக் தாண்டிய இன்னொன்று இந்தக் கல் தேவாலயத்துப் பக்கத்திலும் திறக்கப்பட்டிருக்கின்றன. சீர்காழி வழியாகத் தரங்கம்பாடிக் கடற்கரைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அதன் மருந்துச் சரக்கின் பங்காளி ஊர் ஒன்று பென்சில்வேனியா வயல்களுக்கு நடுவில் இருக்கும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

மியூலன்பெர்க்கின் கல்லறை தேவாலயத்துக்குப் பின்னால். ஐந்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினோம்.

வெள்ளி, அலெக்சாண்ட்ரியா

நேற்று முழுக்க நெடுஞ்சாலை, எழுத ஒன்றுமில்லை.

தெற்கு ஃபேர்ஃபாக்ஸ் தெருவில் ஸ்டேப்ளர்-லெட்பீட்டர் மருந்துக் கடை. காலனிக் காலம் முடிந்த பிறகு, 1792இல் எட்வர்ட் ஸ்டேப்ளர் தொடங்கியது. அவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். கறாராகப் பார்த்தால் என் தலைப்புக்கு வெளியேதான். ஆனால் ஒரு கடை தன் சரக்கோடு அப்படியே மிஞ்சிய இடம் இந்த வழியில் இதுபோல் வேறு நான் பார்க்கவில்லை, அதனால் விடவில்லை. 1933இல் பொருளாதார மந்தத்தில் கடை மூடியது. சாமான்களை ஏலம் விட்டபோது பால்டிமோர் ஐஸ்கிரீம் வியாபாரி ஒருவர் மொத்தமாக எடுத்து, சிதறாமல் காப்பாற்றினார். அருங்காட்சியகம் ஆனது அப்படித்தான்.

கீழே கடை, தங்க எழுத்துப் போட்ட சாடிகள், ஆட்கள் நின்று படம் எடுக்கும் அழகு. நான் சொல்ல வருவது மாடி. அங்கேதான் மருந்து செய்தார்கள், சேமித்தார்கள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு. டிராகன் ரத்தம், மான்ட்ரேக் வேர், யூனிகார்ன் வேர். குழந்தைகள் இதைப் பார்த்துக் கத்துவார்கள் என்று கூட்டி வந்த பெண்மணி சொன்னார். டிராகன் ரத்தம் என்பது ஒரு மரத்தின் சிவப்புப் பிசின். யூனிகார்ன் வேர் அமெரிக்கக் காட்டில் முளைக்கும் ஒரு செடியின் கிழங்கு. இன்னும் பல இழுப்பறைகளில் மூலிகை மிச்சம் கிடக்கிறதாம். அறை முழுக்க ஒரு வாசனை, கற்பூரமும் பழைய மரமும் தூசும் சேர்ந்தது. மூடி எத்தனையோ வருடம் ஆகியும் போகவில்லை.

இந்தக் கடையில் மருந்து மட்டும் விற்கவில்லை. பெயின்ட், ஜன்னல் கண்ணாடி, சீப்பு, விதை என்று பட்டியல் நீளும். பின்னாளில் உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையை நடத்திய ராபர்ட் லீ தன் வீட்டுக்குப் பெயின்ட் வாங்கியிருக்கிறார்.

ஒரு கடிதமும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1802 ஏப்ரலில் மவுண்ட் வெர்னன் வீட்டிலிருந்து வந்தது. திருமதி வாஷிங்டன், ஸ்டேப்ளரிடமிருந்து நல்ல விளக்கெண்ணெய் ஒரு குவார்ட் (ஏறக்குறைய ஒரு லிட்டர்) புட்டி வேண்டும் என்கிறார், கொண்டுவருபவரிடம் பில்லையும் கொடுத்தனுப்பவும். அவ்வளவுதான் கடிதம். முதல் ஜனாதிபதியின் மனைவி, மற்ற வீட்டுப் பெண்கள் மாதிரியே, ஒரு குவார்ட் விளக்கெண்ணெய் வாங்கி வைத்துக்கொள்கிறார். ஒரு ஆளுக்கு அவ்வளவு எண்ணெய் வேண்டாம், வீட்டுக்கும் பண்ணைக்கும் சேர்த்துத்தான் இருக்க வேண்டும். அடுத்த மாதமே மார்த்தா வாஷிங்டன் இறந்துபோனார்.

இந்த ஊர்களைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பிடிபடுவது இதுதான். மருத்துவர் என்பவர் கடைசி ஆள். முதல் மருத்துவர் வீட்டுக்காரி. அவள் கைக்கு மருந்து கொண்டுவந்தது கடை. அதனால்தான் களிம்பும் சோப்பும் பெயின்ட்டும் ஒரே பலகை மேல் இருந்தன.

சனி, வில்லியம்ஸ்பர்க்

1780இல் வர்ஜீனியாவின் தலைநகரம் இங்கிருந்து ரிச்மண்டுக்குப் போனதும் தூங்கிப்போன ஊர். 1926இல் பாதிரியார் குட்வின் வற்புறுத்தி, ராக்ஃபெல்லர் பணம் கொடுத்து மறுபடி கட்டத் தொடங்கினார்கள். குளோஸ்டர் பிரபு தெரு ஏறக்குறைய ஒரு மைல் நீளம், கார் கிடையாது. பழங்கால உடுப்பில் ஆட்கள் நடமாடுகிறார்கள். முதல் பத்து நிமிடம் நாடகம் மாதிரி இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

பாஸ்டரும் கால்ட்டும் 1775 முதல் 1778 வரை கூட்டாக நடத்திய மருந்துக் கடையைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஜான் கால்ட் லண்டனில் படித்தவர், வில்லியம் பாஸ்டர் ஊர் மேயராகவும் இருந்தார். நீல வெள்ளைப் பீங்கான் சாடிகள், லத்தீன் பெயர்கள், தராசு. காய்ச்சலுக்குச் சிங்கோனா பட்டை, பல் தேய்க்கத் தூரிகை, மெழுகுவத்தி, மசாலா. கல்லாவுக்குப் பின்னால் நின்றவரிடம், மலேரியா நிறைந்த இந்தச் சதுப்பு ஊரில் பட்டையை எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். இடித்துத் தூளாக்கி ஒயினில் கலந்து என்றார். கசப்பு தாங்காதாம். அந்தக் கடையில் உண்மையாகவே வேலை செய்த மருந்துகளில் அது ஒன்று. மற்றவற்றில் பாதி வயிற்றைக் கலக்குவதற்கு, மீதி தூங்க வைப்பதற்கு.

பட்டை வாங்கக் காசில்லாதவர்களுக்கு இங்கே ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. ஜான் டென்னண்ட் எழுதிய, ஏழைப் பண்ணைக்காரருக்கான கைவைத்தியப் புத்தகம். 1734இல் இங்கே அச்சானது, அதே வருடம் பிலடெல்பியாவில் பிராங்க்ளினும் மறுபதிப்பு போட்டார். மருத்துவர்கள் கேட்கும் கட்டணம் அநியாயம், அதனால் தோட்டத்தில் கிடைப்பதை வைத்துப் பார்த்துக்கொள் என்பதுதான் அதன் சாரம்.

ஞாயிறு, வில்லியம்ஸ்பர்க்

புரட்சிக்கு முந்தைய வருடங்களில் இந்த ஊரில் பாதிப்பேர் அடிமைகள். அவர்களுக்கும் வைத்தியம் தெரிந்திருந்தது, சில சமயம் கடைக்காரரைவிட நன்றாக. 1729இல் ஆளுநர் கூச், மேகநோய்க்கு வேர், பட்டைகளால் மருந்து கண்ட ஜேம்ஸ் என்ற முதிய அடிமையிடம் செய்முறையைச் சொல்லச் சொல்லி, பதிலாக விடுதலையும் ஆண்டுத்தொகையும் கொடுத்தார். 19 வருடம் கழித்து, 1748இல், இதே வர்ஜீனியாவின் சட்டமன்றம் அடிமை ஒருவர் எஜமானர் சம்மதமில்லாமல் மருந்து செய்து கொடுத்தால் மரண தண்டனை என்று சட்டம் போட்டது. விஷம் வைத்துவிடுவார்களோ என்ற பயம். களிம்பு விற்ற பிலடெல்பியா மாமியாருக்கு விளம்பரம் கிடைத்தது. இங்கே அதே வேலையைச் செய்த கறுப்புப் பெண்ணுக்குத் தூக்குக் கயிறு கிடைத்திருக்கலாம். ஊரைச் சுற்றிக் காட்டியவர் இதைக் குரலை உயர்த்தாமல், விடாமல் சொன்னார். அவருக்கு என் மரியாதை.

கடைசியாக ப்ரெண்டிஸ் கடை. 1740 வாக்கில் கட்டிய செங்கல் கட்டடம், புதிதாகக் கட்டியதல்ல, அசல். பக்கவாட்டுச் சுவரில் அலமாரி வரும் பகுதியில் ஜன்னலே வைக்கவில்லை. சரக்கு அடுக்க இடம் வேண்டுமே! மாதிரிக்கு ஒரு சர்க்கரைக் கூம்பு வைத்திருந்தார்கள். நீலக் காகிதம் சுற்றியது, முழங்கை உயரம், கல் மாதிரி கெட்டி. அதைக் கத்தரிக்க இடுக்கி ஒன்று. என்னிடம் கொடுத்தார்கள், இரண்டு கையாலும் அழுத்தியும் ஒரு சில்லுதான் தெறித்தது. காகிதத்தையும் எறிய மாட்டார்களாம். ஊற வைத்தால் அவுரிச் சாயம் இறங்கும், துணிக்கு நீலம் போட்டுக்கொள்வார்கள்.

1774 நவம்பரில் இந்தக் கடைக்காரர் ஜான் ப்ரெண்டிஸ் வரவழைத்த இரண்டு அரைப் பெட்டித் தேயிலையை யார்க்டவுனில் ஆட்கள் கப்பலேறி ஆற்றில் கொட்டினார்கள். ப்ரெண்டிஸ் பத்திரிகையில் பகிரங்க மன்னிப்புக் கேட்டார். வாடிக்கையாளர் கோபம் என்றால் அப்படி. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இதே கட்டடம் பெட்ரோல் பங்க்காக இருந்திருக்கிறது. முன்னால் பம்பு நிற்கும் பழைய புகைப்படம் உண்டு. இப்போது மறுபடி கடை, கூடையும் மண்பாண்டமும் விற்கிறார்கள். அக்கா மகள் ஒரு குவளையை எடுத்து விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "சித்தி, இதுக்கு 23 ஷில்லிங் கிண்ணமே பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு வாங்கியும் விட்டாள்.